உப்பளத்தில் கூவிய நாள்

மே 1, இரவு

அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதால் இன்று விளம்பர ஆட்டோவில் மைக்கைப் பிடித்தது நான். கிராம சபையில் உப்பளத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்க வேண்டும். போன முறை ஆள் சேராமல் கலைந்துவிட்டது.

"தெருவுல கத்துனா யாருப்பா கேப்பாங்க? விடியறதுக்கு முன்னாடியே எல்லாரும் உப்பு வாரப் போயிட்டாங்க. அளத்துக்கு விடுங்க," என்றேன். அப்பா வண்டியைத் திருப்பினார்.

உப்பளக் கரையில் நின்றதும் அத்தனை பேர் முன்னால் கூவ வெட்கமாக இருந்தது. பங்குத்தந்தை தந்த லத்தீன் அகராதியில் நேற்றுப் படித்த 'ப்ரேதிகாரே' நினைவுக்கு வந்தது. ஊரறியக் கூவி அறிவிப்பதுதான் அந்த வினையின் முதல் பொருள். அப்புறம் ஒருவரைப் புகழ்வது. பிரசங்கம் செய்வது பிறகுதான் சேர்ந்தது. கோயில் பிரசங்கத்துக்கும் மூத்தது அப்பாவின் தொழில்! அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

"இன்னாடி, உங்கப்பனையே மிஞ்சிட்ட!" என்றாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ரோசி அக்கா.

"சிரிச்சா போதாதுக்கா, வரணும்!"

வந்தார்கள். உப்பு படிந்த கைகால்களோடு அப்படியே வந்தார்கள். நாற்காலி போதவில்லை. எங்கள் தீர்மானம் நிறைவேறியது. குழாய் எப்போது வருமோ, அது வேறு கவலை. எல்லாரும் கையெழுத்திட்டு முடித்தபோது பதிவேட்டின் பக்கமெல்லாம் உப்பு. ஊராட்சிச் செயலர் ஊதி ஊதித்தான் தாளைத் திருப்பினார்.