பாதியில் போனவனுக்கு, கியூவிலிருந்து

என் அருமைத் தோஸ்து காதருக்கு,

லாரியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும், திட்டாதே. நீ போன பிறகும் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் கியூ அப்படியேதான் நிற்கிறது. துறைமுக கேட் கண்ணுக்கே தெரியவில்லை. மீன் வாடையும் டீசல் வாடையும் மாறி மாறி அடிக்கிறது. கியூவில் பேச்சுச் சத்தம்தான் இல்லை. ஒவ்வொரு கேபினிலும் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு போன் பார்க்கிறான். நானும்தான்.

மனசு ஒரு நிலையில் இல்லை, காதர். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. வீட்டில் செல்வி கூடக் கேட்டுவிட்டாள், "இன்னாய்யா, கட்டெறும்பு கடிச்ச மாரி சுத்திகினு கீற?" என்று. அவளிடம் சொல்லிப் பார்த்தேன், ஆறவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

ஞாபகம் இருக்கிறதா, சாயங்காலம் கியூ அசையாமல் நின்றால் நீ உன் லாரியின் ஃபுட்போர்டில் ஏறி நிற்பாய். கையில் யாரிடமோ பிடுங்கிய மாத நாவல். அட்டை போயிருக்கும், மூலை எல்லாம் கிரீஸ் படிந்திருக்கும். "கேட்டுக்கோங்கடா! பாதியில போறவன் பேதியில போவான்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் முதல் வரியே. டிரைவர், கிளீனர், டீ கேன் தூக்கி வருகிறவர் எல்லாரும் கூடிவிடுவோம். கியூ நகரவில்லை என்று காலையிலிருந்து திட்டியவனெல்லாம், கொலைகாரன் யாரென்று தெரியும் நேரத்தில் நகர்ந்துவிட்டதே என்று திட்டுவான். கேட்டுக்குள் நுழைந்தவன் ஜன்னலில் தலையை நீட்டி, "காதரு, யாருடா பண்ணது?" என்று கத்துவான். நீ சொல்லவே மாட்டாய். "வெளிய வந்து மொத்தமும் கேளு மாமு" என்பாய். எவ்வளவு கொழுப்பு உனக்கு!

போன வாரம் நடந்ததைக் கேள். மதிய வெயிலில் கியூ நின்றுகொண்டிருந்தது. சாத்தாங்காடு இரும்பு யார்டில் வேலை செய்யும் ஒரிசாக்காரப் பையன் ஒருத்தன், தோளில் பையோடு ரோட்டோரமாக நடந்து வந்தான். டீக்கடைப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்து, ஒரு பிஸ்கட் நீட்டினான். அவ்வளவுதான். மஞ்சள் சட்டை போட்ட டிரைவர் ஒருத்தன் தன் போனைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், "டேய், புள்ள புடிக்கிறவன்டா!" என்று கத்தினான்.

காலையிலிருந்து எல்லார் போனிலும் ஒரு மெசேஜ் சுற்றிக்கொண்டிருந்தது. 'அவசரம். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்துவிட்டது. உடனே பகிரவும்.' செல்வி எனக்கும் அனுப்பியிருந்தாள். நான் திறக்காமல் விட்டிருந்தேன்.

கண் மூடித் திறப்பதற்குள் கூட்டம். அவன் சட்டை கிழிந்தது, உதடு கிழிந்து ரத்தம். ஒருத்தன் ஜாக்கி ராடை எடுத்துவிட்டான். நான் உள்ளே புகுந்து கையைப் பிடித்தேன். தள்ளிவிட்டார்கள். "நீ இன்னா அவனுக்கு மாமனா?" என்றான் மஞ்சள் சட்டை.

"மெசேஜ முழுசா படிச்சியாடா?" என்றேன்.

"அதான் ஊரே அனுப்பிகினு கீதே!"

"நீ படிச்சியா?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, காதர். என் லாரி ஃபுட்போர்டில் ஏறினேன். "கேட்டுக்கோங்கடா! பாதியில போறவன் பேதியில போவான்!" என்று உன் சத்தத்தையே போட்டேன்.

பழைய டிரைவர்கள் சட்டென்று திரும்பினார்கள். எத்தனை சாயங்காலம் கேட்ட குரல்! ராடு தூக்கியவன்கூட அப்படியே நின்றான். நான் போனைத் திறந்து, 'மேலும் படிக்க' என்று இருந்ததைத் தட்டி, நீ படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தேன். 'நம் மலையடிவாரக் கிராமங்களுக்கு' என்று வந்தது. கூட்டத்தில் யாரோ, "திருவொத்தியூர்ல ஏதுடா மலை?" என்றான். மேலே படித்தேன். 'போர்வை விற்பது போல் வரும் மூன்று பெண்கள்' என்று வந்தது. எல்லாரும் அந்தப் பையனைப் பார்த்தார்கள். முகத்தில் மீசை, தோளில் பை, தனி ஆள். யாரோ களுக்கென்று சிரிக்க, மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. அவனைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. ஒருத்தர் சோடா வாங்க ஓடினார். மஞ்சள் சட்டை மட்டும், "இருந்தாலும் நாமதான் உசாரா இருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். யாரோ படம் பிடித்திருக்கிறான். அதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் ஃபுட்போர்டில் நின்று கத்துவது மட்டும் இருக்கிறது. கீழே, 'பிள்ளை பிடிப்பவனைக் காப்பாற்றிய டிரைவர்' என்று எழுத்து. தண்டையார்பேட்டையில் நம் தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன செல்வியிடம், "உம் புருசன் அவனுங்க ஆளா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நடந்ததை முழுசாகச் சொல்ல ஆரம்பித்தால், "சரி சரி, உடு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். நேற்று அழுதாள்.

சரி, உன் வழிக்கே போவோம் என்று ஒரு மாத நாவல் வாங்கினேன். நீ போன பிறகு முதல் தடவை. இரண்டாவது பக்கம் தாண்டவில்லை. சொன்னால் சிரிப்பாய், என் கட்டைவிரல் போனைத் தள்ளுவது போல் காகிதத்தை மேலே தள்ளிப் பார்க்கிறது! தள்ளினால் நகருமா? எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. அந்த மஞ்சள் சட்டையை மட்டும் திட்டி என்ன செய்ய?

இன்று காலை அந்தப் பையன் என்னைத் தேடிக் கியூவுக்கே வந்துவிட்டான். பேர் சுனில். உதட்டில் காயம் இன்னும் ஆறவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். தனக்கு வாங்கியதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும்.

"அண்ணா, அன்னிக்கு எல்லாம் சிரிச்சாங்க. என்ன பாத்து ஏன் சிரிச்சாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி உயிர் தப்பினான் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. அடிபட்டு நடுவில் நிற்கிறான், சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் மனசில் வைத்து யார்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேனே, அவனுக்குச் சொல்லவில்லையே!

கேபினில் ஏற்றி உட்காரவைத்து, அந்த மெசேஜை முதலிலிருந்து படித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மலை, போர்வை, மூன்று பெண்கள், எல்லாம். கடைசி எழுத்து வரைக்கும் அவன் அசையாமல் கேட்டான். பிறகு போனை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதுல நான் எங்கண்ணா?" என்றான்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், காதர்? டீ ஆறிப்போச்சு, குடி என்றேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

நெஞ்சுவலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று நீ படித்துக்கொண்டிருந்த நாவல் என்னிடம்தான் இருக்கிறது. உன் மகள் ஆயிஷா கொடுத்தாள். நீ மடித்துவைத்த பக்கம் மடித்தபடியே இருக்கிறது. பாதியில் போறவனை அந்தத் திட்டு திட்டினாயே, நீயே பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டாயே, உன்னை நான் என்ன சொல்லித் திட்டுவது? உன்மேல் கோபத்தில்தான் இத்தனை நாள் அதைத் தொடவில்லை.

அதை வெளியே எடுத்தேன். "இன்னாண்ணா அது?" என்று கேட்டான் சுனில். கதை, என் தோஸ்து பாதியில் விட்டது என்றேன். "மெதுவா படிச்சா எனக்கும் புரியும்" என்றான்.

வாக்கு கொடுக்கிறேன், காதர். இன்று சாயங்காலம் ஃபுட்போர்டில் ஏறி நிற்பேன். சுனிலுக்காக முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். எவன் படம் பிடித்தாலும் பிடிக்கட்டும், கியூ நகர்ந்தாலும் நகரட்டும், மறுநாள் விட்ட இடத்தில் தொடருவேன். நீ மடித்த பக்கம் வந்ததும் கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறேன். கொலைகாரன் யாரென்று நீயும் தெரிந்துகொள்.

உன் தோஸ்து,
ஆயிஷாவுக்கு மாமன்,
சேகர்