தாமதமாய் வந்தவர்கள் பட்டியல்

கணினி அறை அலமாரியில் கேபிள் தேடியபோது உன் ஹெட்செட் கையில் தட்டுப்பட்டது. காதுப் பஞ்சில் இன்னும் உன் தலைவலித் தைல வாசனை. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா? மாவட்டக் கல்வி அலுவலகம், நாம் பிபிடி என்போமே, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நம் பள்ளிக்கு, அறிவிப்புகளைத் தானே சொல்லும் 'பேசும் மணி' ஒன்றை அனுப்பிவைத்தது. அந்த இயந்திரக் குரல் தமிழைக் கடித்துத் துப்பியது. "அலமாக்! இது தமிழ் பேசுதா, பல்லு வலின்னு அழுவுதா?" என்று சிரித்தாய். நூலகத்தில் திரையை இழுத்துவிட்டு, இந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "மாணவர்களே, மணி ஏழரை. சபைகூடலுக்கு வாருங்கள்" என்று நீயே பதிவு செய்தாய். இன்னும் நாலைந்து அறிவிப்புகள். "மேல உள்ளவங்க முடிவு பண்ணுவாங்க, நம்ம ப்ளக் மாட்டணும், அவ்வளவுதான்லா" என்று என்னைச் சீண்டுவாய். தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் என்று எனக்குப் பெயர்; ப்ளக் மாட்டுவதுதான் வேலை.

நீ இறந்த பிறகும் அந்தக் குரல் தினமும் ஏழரைக்கு அழைத்தது. நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பழகிப்போனோம்.

இந்த ஆண்டு பிபிடியிலிருந்து புதிய கருவி வந்தது. பிள்ளைகள் நுழைவாயிலில் அட்டையைத் தொட்டுவிட்டு வரவேண்டும். ஏழரைக்குப் பின் தொட்டவர்களின் பெயர்களைக் காலைச் சபைகூடலில் அதுவே வாசிக்கும். முதல் திங்கட்கிழமை ஒலிபெருக்கி பேசியது. உன் குரல். "தாமதமாக வந்தவர்கள்" என்றது. நீ ஒருநாளும் பதிவு செய்யாத வார்த்தைகள். ஒவ்வொரு பெயருக்கு முன்னும், நீ இழுப்பாயே, அப்படியே சின்னதாக மூச்சு இழுத்தது. அதற்கு எதற்கு மூச்சு? மூன்றாவதாகச் சொன்னது: "கயல்விழி."

உன் மகள். நான்காம் ஆண்டு வகுப்புக்கு வந்துவிட்டாள். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து அவள், "இருக்கேன்மா" என்றாள்.

யார் செய்த வேலை இது? கொதித்துப்போய்த் தலைமையாசிரியையிடம் ஓடினேன். பிபிடியைக் கேட்கச் சொன்னார். பிபிடியில், கருவியைப் பொருத்திய குத்தகை நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே ஓர் ஆள் பெருமையாகப் பேசினார். "பழைய ரெக்கார்டிங்க வச்சு கம்ப்யூட்டரே கத்துக்கிச்சு டீச்சர். நல்லா இருக்குல்ல? இன்னும் நாலு ஸ்கூல்ல இதே குரல்தான் போட்டிருக்கோம். நீங்கதானே ஃபாரத்துல ஓகே பண்ணி அனுப்புனீங்க?"

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'இப்போதுள்ள குரலைத் தொடரவும்' என்ற கட்டத்தில் என் டிக். கீழே என் கையெழுத்து. அந்தப் பல்வலிக் குரல் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று, புதிய வார்த்தைகளையும் அதே குரலில் உருவாக்கலாம் என்ற அடுத்த வரியைக்கூடப் படிக்காமல் போட்டது.

"பிள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கு, விடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. விட்டுவிட்டேன்.

அதன் பிறகு கயல் தினமும் தாமதம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரர், பாவம், தனியாக அல்லாடுகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டபோது, "ஏழு மணிக்கே கேட்டுல இறக்கிவிட்டுட்டுத்தான் போறேன் டீச்சர்" என்றார்.

மறுநாள் காலை கவனித்தேன். காவலர் அறைக்குப் பின்னால், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஏழரைக்கு உன் குரல் எல்லோரையும் அழைத்து ஓய்ந்த பிறகு, மெல்ல வந்து அட்டையைத் தொட்டாள். சற்று நேரத்தில் நீ அவள் பெயரைச் சொன்னாய். "இருக்கேன்மா." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சத்தியமாகப் பயந்துவிட்டேன்டி.

அன்று மதியமே, யாரையும் கேட்காமல், குரலை நிறுத்தினேன். ஒரே ஒரு பொத்தான். தலைமையாசிரியை கத்தினார். பிபிடி விளக்கக் கடிதம் கேட்டது. எழுதினேன். மற்ற நாலு பள்ளிகளிலும் நிறுத்தச் சொல்லி அதிலேயே எழுதினேன். பதில் இல்லை. நீ காலடி வைக்காத பள்ளிகளில், உனக்குத் தெரியாத பிள்ளைகளை இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

அடுத்த நாள் பட்டியலை நானே வாசித்தேன். கயல் பதில் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"யாரு டீச்சர் நிறுத்துனது? பிபிடியா?"

ஆமாம் என்றால் முடிந்திருக்கும். எல்லோரும் எனக்குச் சொன்ன பதில்தானே அது.

"நான்தான்மா."

அவள் அழவில்லை. "எங்கம்மா இருந்திருந்தா உங்ககிட்ட சண்ட போட்டிருப்பாங்க" என்றாள்.

போட்டிருப்பாய், தெரியும். இப்போது நேரத்துக்கு வந்துவிடுகிறாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வலிக்கத்தான் செய்கிறது. அந்தக் கோபம் என்மேலேயே இருக்கட்டும். கோபித்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆளாவது வேண்டும்.