லெவானுக்கு விட்டுவைத்த இடம்

அன்பு மகள் வெர்னிஸுக்கு,

உறையின் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து, இது யாருடையது என்று யோசித்திருப்பாய். என்னுடையதுதான்! எழுபத்தாறு வயதில் உன் அப்பா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நூலகத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகிறது. ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. போகிற வழியெல்லாம் பலகைகளைச் சத்தமாக வாசிக்கிறேன். மீன் கடையில் ‘இன்று வறுத்த கெளுத்தி’ என்று வாசித்தேன். கடைக்காரி, “வாசிச்சாச்சுல்ல, வாங்கிட்டுப் போங்க தாத்தா” என்றாள். வாங்கினேன்.

இந்த ஏப்ரலிலும் நீதிமன்றப் புல்வெளியில் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கான வாரம் நடந்தது. அதே மெழுகுவத்தி, அதே நீல ரிப்பன். உன் அண்ணன் லெவான் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து நான் ஒரு வருஷமும் போகாமல் இருந்ததில்லை. நீ அப்போதே ஊரை விட்டுப் போய்விட்டதால் தனியாகத்தான் போகிறேன். இறந்தவர்களின் பெயர் வெட்டிய செங்கற்களை அங்கே நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். முதல் வருஷம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துத் திருமதி கோல்பர்ட் கடைசி வரிசையைக் காட்டி, “உங்க பையன் பேரு அந்த ஓரத்துலதான் வரும்” என்றாள். மறு ஏப்ரலில் அந்த ஓரத்தில் புதிதாக ஒரு கல் இருந்தது. அன்றிலிருந்து அதன்மேல்தான் பூ வைத்து வந்தேன்.

இந்த முறை அவன் பெயரை என் கண்ணாலேயே வாசிக்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில், முழங்கால் வலியையும் பாராமல் மண்டியிட்டேன். ‘ஹேஸல் பிக்கெட்’ என்று இருந்தது. எனக்குத்தான் இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை என்று நினைத்து, விரல் வைத்து மறுபடியும் வாசித்தேன். ஹேஸல்தான்.

கோல்பர்ட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “உங்க வழக்கு கோர்ட்டுக்கே வரலையே, மிஸ்டர் டேட்டம். வழக்கு நடந்தாத்தான் கல்லுல பேரு. ஹேஸலுக்கு யாரும் இல்லைன்னுதான் நீங்க பூ வைக்கிறீங்கன்னு நாங்க பேசிக்குவோம்” என்றாள். கையில் ஒரு தாளும் கொடுத்தாள். அதையும் வாசித்தேன். விசாரணை நாளைத் தெரிந்துகொள்ளும் உரிமை, நீதிபதி முன் பேசும் உரிமை, எல்லாம் எனக்கு உண்டாம். யாரையாவது பிடித்த பிறகு.

எலுமிச்சைச் சாறு வைத்திருந்த மேஜையில் ஒரு துணி தொங்கியது. இத்தனை வருஷமும் அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ‘அன்புடன் வழங்குவது: சம்ரால் டயர் கடை’ என்று எழுதியிருந்தது. லெவானைச் சுட்டவன் என்று ஊர் வாய்க்குள்ளேயே சொல்லும் பேர் அதுதானே. வருஷா வருஷம் குடித்துவிட்டு நன்றியும் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கடைக்காரன் டுவைட் சம்ராலே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். “வெயில் ஜாஸ்தி, இன்னொரு கப் குடிங்க பெரியவரே” என்றான். “இன்னைக்குத் தாகம் இல்லப்பா” என்று சொல்லி, கையில் இருந்ததையும் புல்லில் கவிழ்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு ஊற்றினான்.

ஊர்ப் பேச்சை நீதிபதி கேட்கமாட்டார். காரில் லெவான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ ஒருத்திதான். “நான் எதையும் பார்க்கலப்பா” என்றாய். நான் திரும்பக் கேட்கவில்லை. அப்போதெல்லாம் எனக்கு வரும் கடிதங்களைப் பாஸ்டர் மனைவி மேபெல்தான் வாசிப்பாள், சபை முழுக்கக் கேட்கிற குரலில். டுவைட் அவளுடைய தம்பி. நீ எதை எழுதியிருக்க முடியும்?

பூவை ஹேஸலிடமிருந்து எடுக்கவில்லை. அவளுக்கும் வேறு ஆளில்லை. கல்லை மட்டும் கைக்குட்டையால் துடைத்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு கல் அகலத்துக்கு இன்னும் வெறும் மண்தான்.

இப்போது சத்தமில்லாமல் வாசிக்கவும் பழகிவிட்டேன், கண்ணு. உன் கடிதம் வந்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உதடுகூட அசையாமல், நான் ஒருவன் மட்டும் வாசிப்பேன். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. கர்த்தர் உன் வாசலில் காவல் நிற்கட்டும்.

உன் பதிலுக்காக மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கும்
அப்பா,
எசெல் டேட்டம்