ஆனை றோட்டுக்கு ஒரு பஸ்

12.08.2025, செவ்வாய்

சிவலட்சுமி அக்கா இன்றும் நாவலடிக்குளத்திலிருந்து எங்கள் பிரதேச சபைக்கு நடந்து வந்துவிட்டார். "ஏம்மா, பஸ்ஸு எப்ப வரும்? எம்மக படிச்சு முடிச்ச பொறகா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மகள் நெடுங்கேணிப் பள்ளிக்கூடத்துக்குக் காட்டு ஓரமாக நடந்துதான் வருகிறாள். போன கிழமை றோட்டில் யானை நின்றதாம், பாதி வழியில் திரும்பி ஓடியிருக்கிறாள். இனி அனுப்பமாட்டேன் என்கிறார் அக்கா.

சபைக்குச் சொந்தமாகப் பஸ் இல்லை. வெளி ஆட்களின் பஸ்ஸை ஒப்பந்தத்துக்கு எடுக்க வேண்டும். பஸ்காரரிடம் விலை கேட்கிற அந்தக் கேள்விமனு வேலை என் மேசையில் இருக்கிறது. முதல் தடவை விலை போடும் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பல்லி இருந்தது. அதுவும் விலை எதுவும் போட்டிருக்கவில்லை.

இரண்டாம் அறிவித்தல் நாளைக்கு.

18.08.2025, திங்கள்

"ஒட்டிவிட்டாப் போதாது, போய்ச் சொல்லுங்கோ" என்றார் செயலாளர் றிஸ்பா மேடம். நானும் என்னோடு வேலை செய்யும் சாருஜனும் பஸ் தரிப்பிடத்தில் நின்ற எல்லாருக்கும் அறிவித்தலைக் கொடுத்தோம். மினி பஸ் ஒன்றின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதை முழுக்க வாசித்தார்.

"மிஸ், ஆனை மறிச்சா என்ன செய்யிறது எண்டு இதில இல்லையே."

"ஆனைக்குத் தனியா ஒரு கேள்விமனு போடுவம்" என்றேன். வாய் முந்திவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஏன் இதை எழுதுகிறேன்? தெரியவில்லை.

24.08.2025, ஞாயிறு

அம்மா ஒரு படத்தை நீட்டினார். "மாப்பிள்ளைக்குச் சொந்தமா மினி பஸ் இருக்கு, பிள்ளை. நெளுக்குளம். பேர் சுஜிதன். தேப்பன் பொன்னையா நல்ல மனுசன்."

பார்த்தேன். அதே ஆள்! கண்ணாடி துடைத்த ஆள். ஷேர்ட் மட்டும் புதிது.

"என்ன யது முழுசிறாய்? பிடிக்கேல்லையே?"

பிடிக்கேல்லையோ? ஐயோ, பிடிச்சிருக்கே! அதுதானே கரைச்சல்.

25.08.2025, திங்கள்

நாளைக்குப் பெட்டி திறக்கிறோம். மதிப்பீட்டுக் குழுவில் நானும் ஒருத்தி. அவர் விலை போட்டிருந்தால்? அம்மாவிடம் சொன்னேன். "இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை. நீ வாய் திறக்காட்டி ஆருக்குத் தெரியும்? சரிவராட்டிப் பிறகு கந்தோர் முழுக்கச் சிரிக்கும்" என்றார்.

சிரிக்கும்தான். ஆனால் அவர் வென்று, கல்யாணமும் நடந்து, யாராவது முறைப்பாடு போட்டால்? பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பிள்ளை திரும்பவும் காட்டு ஓரத்தில் நடக்கவேண்டும்.

மத்தியானம் றிஸ்பா மேடத்தின் அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை நிலத்தைத்தான் பார்த்தேன்.

"படத்தில வடிவா இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம் மேடம்."

"அப்ப குழுவில இருந்து எழும்புங்கோ. சாருஜன் இருக்கட்டும்."

26.08.2025, செவ்வாய்

உள்ளே பெட்டி திறக்கிறார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த மூன்று பேரில் அவரும் ஒருவர்.

"மிஸ் உள்ள வரேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

வீட்டில் இன்னும் இவருக்குச் சொல்லவில்லை! காது சுட்டது. "உங்கட வீட்டில கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பி ஓடிவிட்டேன். இருபத்தொன்பது வயதில் ஓடினேன்.

03.09.2025, புதன்

விலை போட்ட மூன்று பேரில் றுமைஸ் நானாவுக்குத்தான் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அவருடைய விலைதான் குறைவு. வயதானவர்கள் ஏறப் படியும் தாழ்வு. பின்னேரமும் ஓடச் சம்மதித்திருக்கிறார். சாருஜன் வந்து சொன்னபோது ஒரு பக்கம் நிம்மதி. மறு பக்கம் பயம்... நான் குழுவிலிருந்து எழும்பியதால்தான் தான் தோற்றதாகச் சுஜிதன் நினைப்பாரோ? அவருடைய தேப்பன் கோவிப்பாரோ?

வேலை முடிந்து வரும்போது போன் அடித்தது. அவர்.

"தோத்துப்போனன், மிஸ்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நல்லதாப் போச்சு. நான் வெண்டிருந்தா சனம் உங்களைத்தான் கதைச்சிருக்கும். எங்கட அம்மா எல்லாம் சொன்னவா." பிறகு கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வரலாமோ? விலைமனு இல்லாமல்?"

"வாங்கோ" என்றேன். பிறகு நடு றோட்டில் தனியாக நின்று சிரித்தேன்.

15.09.2025, திங்கள்

முதல் ஓட்டம். றிஸ்பா மேடம் என்னையும் அனுப்பினார். நாவலடிக்குளத்துச் சந்தியில் விடியவே சனம். சிவலட்சுமி அக்கா பஸ்ஸுக்குச் சந்தனம் பூசினார். றுமைஸ் நானா, "அக்கா, கண்ணாடியில பூசாதீங்க, எனக்கு றோட்டுத் தெரியோணும்!" என்று கத்தினார். அக்காவின் மகள் ஏறி யன்னல் பக்கம் இருந்தாள். காட்டு ஓரத்தில் யானையைக் கண்டோம். தூரத்தில், மூன்று. பிள்ளைகள் கைகாட்டினார்கள். போன மாதம் இதே பிள்ளைகள் யானைக்குப் பயந்து ஓடியவர்கள்.

கண் கலங்கியது. தூசி என்று சொன்னேன்.

02.03.2026, திங்கள்

மாதக்கணக்காக எழுதவில்லை. கல்யாணம், விருந்து, நெளுக்குளத்து வீட்டில் எந்தச் சாமான் எங்கே என்று தேடுகிற வேலை. கல்யாணத்துக்கு நாவலடிக்குளத்திலிருந்து பாதி ஊர் வந்தது. ஞாயிறு ஓட்டம் இல்லை என்பதால் றுமைஸ் நானாவே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இன்று அடுத்த ஊருக்கும் பஸ் கேட்டுச் சபையில் அறிவித்தல் போட்டார்கள். பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்து சுஜிதன் கேட்டார்: "யது, புது றூட்டுக்கு எப்ப பெட்டி திறப்பினம்?"

"எனக்குத் தெரியாது. நான் இப்ப தெருவிளக்குப் பகுதி. மாத்தச் சொல்லிக் கேட்டு வாங்கினனான்."

"எப்ப?"

"கலியாணத்துக்கு முதல் கிழமை."

என்னைப் பார்த்தார். பிறகு, முற்றத்தில் நின்ற மாமா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"சரி மிஸ். அப்ப நாளைக்குக் கந்தோருக்கு வந்து மற்ற ஆக்களோட நிண்டு கேக்கிறன்."

"வாங்கோ" என்றேன். "சாருஜன் இருப்பான்."