வீட்டுக்கு எத்தனை வண்டி?

ஜூலை 18, வெள்ளி

என் ஸ்கூட்டரை இவர் இன்று விற்றுவிட்டார். வாங்க வந்த பாவூர்சத்திரத்துக்காரர் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "நல்லாத்தான ஓடுது, ஏங்க்கா குடுக்கீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "கார் வாங்கியாச்சுல்லா, வீட்டுக்கு எத்தனை வண்டி?" என்றார். இவருடைய பைக் பக்கத்திலேயே நின்றது. அதை மட்டும் எண்ணவில்லை.

சாரலில் நனைகிறோம், கார் வேண்டும் என்று இரண்டு வருடம் நச்சரித்தவள் நான்தான். யாரைக் குறை சொல்ல? ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால், "சீசன் முடியட்டும். குத்தாலம் ரோட்டுல இப்ப நானே திணறுதேன். எங்க போவணும்னாலும் நான் கொண்டு விடுதேன்லா" என்கிறார். விடவும் செய்வார், அவருக்கு நேரம் இருந்தால்.

சீட்டுக்கு அடியில் இருந்த என் மழைக்கோட்டை எடுக்க மறந்துவிட்டேன். அதுவும் பாவூர்சத்திரம் போய்விட்டது.

எட்டு மணிக்கு அச்சன்புதூரிலிருந்து அம்மா போன் செய்தாள். "ஏட்டி, நாளைக்கு வருதியா? சொதி வைக்கேன்" என்றாள். சனிக்கிழமை என்றால் யோசிக்காமல் "வாரேன்" என்பவள், இன்று ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவரை எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேம்மா" என்றேன்.

அம்மா உடனே, "ஏன், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.