என் கையில் மட்டும் எரியாத டார்ச்

ஜூன் 3, செவ்வாய்

மூத்த பேத்தி பல் டாக்டர் ஆகிவிட்டாள். பட்டம் வாங்கியது போன மாதம். இந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் நான் சொல்லி முடித்தது நேற்று. கடைசிப் பேரனுக்குப் பள்ளியில் உயரம் தாண்டுவதில் முதல் பரிசு. போன வருடமும் அவன்தான். அதற்கு முந்தின வருடம் காய்ச்சல், இல்லையென்றால் அதுவும் அவன்தான்.

நடுப் பேத்தி நன்றாக இருக்கிறாள்.

மூவரும் சேர்ந்து நிற்கிற படம் இன்று தபாலில் வந்தது. மகன் அதைப் போனிலும் அனுப்பியிருந்தான். போனுக்குள் இருக்கிற படத்தை யாருக்கு எப்படிக் காட்டுவது? தேடி எடுப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிவிடுகிறார். அதனால் போனின் முதுகில், கண்ணாடி மாதிரி இருக்கிற உறைக்குள் வைத்துவிட்டேன். அங்கே இருந்த பழைய சின்னப் படம் மாவு டப்பா மேலே போய்விட்டது.

கேமராக் கண் வரும் இடத்தில் மட்டும் பொத்தான் துளை போல அளவாக வெட்டினேன். அதற்கு மேல் ஒரு நூல் வெட்டினாலும் நடுப் பேத்தியின் தலை போய்விடும். அவள் எந்தப் படத்திலும் ஓரத்தில்தான் நிற்பாள். கேமராக் கண் மறையாமல் இருந்தால் போதும்.

இனி போனைக் காதில் வைத்தால் எதிரில் இருப்பவருக்கு மூன்று பேரும் தெரிவார்கள். நான் வாய் வலிக்கப் பெருமை பேச வேண்டியதில்லை. பேசத்தான் போகிறேன், அது வேறு.

ஜூன் 4, புதன்

டார்ச் எரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

பதினோரு வருடமாகத் தையல் கடையில் எனக்குத் துணியின் அடி மடிப்பதும் தையல் பிரிப்பதும்தான் வேலை. கறுப்புப் பேண்ட்டில் கறுப்பு நூலைப் பிரிக்க வேண்டுமென்றால் மேலே எரிகிற டியூப்லைட் போதாது. இடது கையில் போன் டார்ச், வலது கையில் பிரிக்கிற ஊசி, அதுதான் என் முறை. இன்று டார்ச் பொத்தானை அமுக்கினால் திரையில் அந்தக் குறி பளிச்சென்று வருகிறது, துணி மேல் ஒன்றும் விழவில்லை. ஏதோ மங்கலாக, இருக்கா இல்லையா என்று.

கடைக்காரம்மாவிடம் காட்டலாம் என்று போனேன். அவர் கை முழுக்க மெஷின் எண்ணெய். பிள்ளைகள் முகத்தில் பட்டுவிடுமே என்று உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறும் போனைக் கொடுத்தேன். அமுக்கினார். எரிந்தது! என்னைப் பார்த்தார். "நல்லாத்தானம்மா எரியுது" என்றார்.

உறையை மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். எரியவில்லை.

வேற்றாள் கையில் எரிகிறது, என் கையில் எரிய மாட்டேன் என்கிறது. ரோஷக்காரப் போன்.

ஜூன் 6, வெள்ளி

மகனிடம் சொன்னேன். சார்ஜ் குறைந்தால் டார்ச் வராது என்றான். நூறு வரைக்கும் ஏற்றினேன். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். போட்டேன். கேமரா திறந்திருந்தால் வராது என்றான். கேமராவை மூடினேன், ஜன்னலையும் மூடினேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ம்ஹூம்.

ஜூன் 7, சனி

போன்கடைக்காரருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ஊதுபவர். எதைக் கொடுத்தாலும் முதலில் வாயால் ஊதிவிட்டுத்தான் பேசுவார். அவர் மேசையில் திருகாணி, தூசி, யாரோ குடித்து வைத்த டீ. அதில் பிள்ளைகள் படத்தை வைக்க மனம் வருமா? வாசலிலேயே உறையைக் கழற்றிப் பைக்குள் பத்திரம் செய்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஊதினார். பஞ்சால் துடைத்தார். அமுக்கினார். என் கண்ணே கூசும்படி எரிந்தது. மூன்று தடவை. எனக்குச் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம். "சும்மா அழுக்குதான் பாட்டி" என்றார். மூத்தவள் பல் டாக்டர் என்பதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தை நேராக வைத்து, உறை மாட்டி, கட்டிலுக்கு அடியில் உருண்டு போன நூல்கண்டைத் தேடலாம் என்று அமுக்கினேன்.

இல்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று கடையில் ஒரு தப்பு. பேண்ட்டில் நூல் என்று நினைத்துத் துணியையே பிரித்துவிட்டேன். விரல் நுழைகிற அளவு கிழிசல். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கடைக்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கொஞ்ச நாளைக்கு வெள்ளைத் துணி மட்டும் பாருங்கம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

மகனுக்குச் செய்தி எப்படிப் போனதோ, மத்தியானமே கூப்பிட்டான். "டார்ச்சு எல்லார் கையிலயும் எரியுதும்மா. ஒனக்கு மட்டும் தெரியலன்னா அது கண்ணு." வியாழக்கிழமை வருகிறானாம், கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறானாம். அப்படியே வேலைக்கும் ஒரு முடிவு எடுத்துவிடலாமாம். முடிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

கண்ணா? நெசமாவே கண்ணுதானா? அப்போ கடையில எரிஞ்சது எப்படித் தெரிஞ்சுது? ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாதா? கண்ணு போயிட்டா எனக்குன்னு என்ன இருக்கு — அந்த ஸ்டூலும் ஊசியும்தானே. இவன் வீட்ல சோபாவுல உக்காந்து நான் யார பிரிக்கிறது?

ஜூன் 10, செவ்வாய்

சமையல் வேலை ஓடவில்லை. ஒரு கண்ணை மூடி நாள்காட்டியைப் படித்தேன், பிறகு மறு கண்ணை மூடிப் படித்தேன். இரண்டும் படிக்கின்றன. சின்ன எழுத்தையும் படிக்கின்றன. நாள்காட்டியில் டார்ச் பற்றி ஒன்றும் போடவில்லை.

ஜூன் 11, புதன்

நடுப் பேத்தி கூப்பிட்டாள், முகம் பார்த்துப் பேசுகிற கால். அவள் கணக்குப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும்தான் எழுதவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

"அப்பா சொன்னாரு. என்ன பாட்டி, டார்ச்சோட சண்டையாமே?"

எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்கள் நான் பாதி சொல்லும்போதே பதில் சொல்லிவிடுவார்கள். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எரியும்போது போன் எப்படி இருந்தது, எரியாதபோது எப்படி இருந்தது?

எப்படி இருக்கும்? போன் மாதிரிதான் இருந்தது என்றேன்.

"சரி, கேமராவ பின்பக்கம் திருப்பிட்டு கண்ணாடி முன்னால போய் நில்லு. போன் முதுக நான் பாக்கணும்."

முகம் கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் புஸ்புஸ் என்று ஒரு சத்தம். லைன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால், சிரிக்கிறாள். மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

"பாட்டி, வெளிச்சம் கேமராவுலேர்ந்து வராது. பக்கத்துல குட்டியா ஒரு பொட்டு இருக்கும், அதுலேர்ந்து வரும். அதுக்கு மேல என் மண்ட ஒக்காந்திருக்கு."

உறையைக் கழற்றிப் பார்த்தேன். ஆமாம். பொட்டு இருக்கிறது. படத்தை வைத்தால் சரியாக அவள் நெற்றிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. ஒவ்வொரு ஆளிடம் கொடுக்கும்போதும் படத்தை நானே கழற்றி, நானே மாட்டி... ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தவர். இதைப் பார்க்க அவர் இல்லாதது நல்லது.

"என் நெத்தியில ஒரு ஓட்ட போட்டுடு பாட்டி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மகன் வந்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவன் முகத்துக்கு நேராக டார்ச் அடித்தேன். "தெரியுதாடா? ஒனக்குக் கண்ணு பாக்கணுமா?" கண் டாக்டரிடமும் போனோம், வந்ததற்கு. கண்ணாடி பவர் கால் புள்ளி கூடியிருக்கிறதாம், அவ்வளவுதான். வேலை முடிவு பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கறுப்புப் பேண்ட் மூன்று. ஒன்றிலும் கிழிசல் இல்லை. படம் இப்போது தையல் மெஷினின் நெற்றியில்.

ஜூன் 15, ஞாயிறு

மூத்த பேத்தி பல் டாக்டர். கடைசிப் பேரன் உயரம் தாண்டுகிறவன். நடுப் பேத்தி, என் மகனுக்கும் ஊதுபவருக்கும் தெரியாததை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியில் கண்டுபிடித்தவள். மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டேன். இரண்டாம் மாடியில் ஒருத்தி, அந்தப் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டாள். என்னைப் படித்திருக்கிறாள் என்றேன்.

ஊதுபவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் ஊதவே இல்லை, கொஞ்ச நேரம்.

மகனுக்கு இன்று எழுதிப் போட்ட கடிதத்தில் இவ்வளவுதான்: மூன்று பேரையும் நிற்க வைத்துப் புதிதாக ஒரு படம் எடு. உறை அளவுக்குச் சின்னதாகப் போட்டுத் தபாலில் அனுப்பு. மேல் மூலையில் வெறும் சுவர் மட்டும் இருக்கட்டும். நடுப் பேத்தி நடுவில் நிற்கட்டும்.