புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய படிவம்

கண்டி
செப்டம்பர் 13, சனிக்கிழமை

அன்பு மகள் மதுஷாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்காதே. ஒன்பது நாளாய் நீ போனை எடுக்கவில்லை, கடைசியாய்ப் பேசியபோதும் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில எழுதிராதீங்கப்பா என்றாய். மடவளை ஷப்ராஸ் நாளைக்கு அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை விடவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, கடையில் பாத்திரமெல்லாம் தூசு பிடித்துக் கிடக்கிறது. நீ சொல்லி வாங்கிய உன் கம்பெனி கார்டு மெஷினும் கம்பெனி நிறுத்திவைத்து மூன்று கிழமையாய் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. அன்றைக்குப் போனில் நீ அழுததில் நான் பாதிதான் சொன்னேன், இப்போது முழுதாய்ச் சொல்கிறேன். தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் நடந்த பத்து நாளும் பக்கத்துக் கடை தாஸிம் நானாவின் தோல் பைகளுக்கு வெள்ளைக்காரர் கூட்டம். அவரிடம் மெஷின் இல்லை, அந்த ஆட்கள் கையில் காசு இல்லை. எங்கள் தராசு அவர் கடையிலும் அவர் ஏணி எங்கள் கடையிலுமாய் இருபது வருஷம் போய்விட்டது, அந்த மாதிரியே மெஷினையும் நீட்டினேன். பை அவருடையது, கார்டை இழுப்பது நான், காசு என் பேங்குக்கு வந்ததும் எடுத்துக் கொடுப்பது என்று பேச்சு. ஒரு சதம் நான் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. இது குற்றம் என்று எனக்கு யார் சொன்னது. காசு வரவில்லை, விசாரணை என்று உன் கம்பெனியிலிருந்து ஈமெயில்தான் வந்தது. சட்டிபானை விற்கிற கடையில் திடீரென்று இத்தனை வெளிநாட்டுக் கார்டு எப்படி என்று கேட்டிருந்தார்கள். வாசித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சித்திரை வருஷத்துக்கு வந்தபோது நீதானே சொன்னாய், எந்தக் கடையால் கம்பெனிக்கு எவ்வளவு வருமானம் என்று பார்ப்பது உன் வேலை, கணக்குக்கு ஒவ்வாமல் ஏறுகிற கடையைப் பட்டியல் போட்டு மேலே அனுப்புவாய், பெயர் தெரியாது, இலக்கம் மட்டும்தான் என்று. அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருந்தேன், பெருமையாய் இருந்தது. இப்போதும் உன் மேல் கோபம் இல்லை மகள்.

அந்தக் காசு தாஸிம் நானாவின் மனைவி றலியாவின் ஒபரேஷனுக்கு என்று வைத்தது. மார்பில் கட்டி, இருபத்தைந்தாம் திகதி நாள் கொடுத்திருக்கிறார்கள், இனியும் தள்ளக் கூடாது என்கிறார் டொக்டர். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன், பாதிக்கும் காணாது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எப்போதும் போல எனக்கும் சேர்த்துத்தான் பிளேன்டீ சொல்கிறார். நேற்று தாங்க முடியாமல், அந்தப் பட்டியல் போட்டது என் மகள்தான் என்று சொல்லிவிட்டேன். பிளேன்டீயை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, புள்ள அதுட வேலயத்தானே செஞ்சீக்கி, அதுட பேர எங்கயும் எழுதிராதீங்க என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

புதன்கிழமைக்குள் கம்பெனி அனுப்பிய படிவத்தை நிரப்பி அனுப்பினால்தான் காசை விடுவதா இல்லையா என்று பார்ப்பார்களாம். நடந்ததை எல்லாம் எழுதி, தாஸிம் நானாவின் பில் கொப்பிகளையும் சேர்த்துவிட்டேன். ஒரு கேள்விதான் வெறுமையாய்க் கிடக்கிறது. இந்தக் கம்பெனியில் உங்கள் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்று. இல்லன்னு போடுங்கப்பா, மெஷின் வாங்கும்போது இது நம்ம கடைன்னு நான் ஆபீஸ்ல சொல்லாம விட்டது தெரிஞ்சா வேலை போயிரும் என்றாய். அம்மாவும் அதையே சொல்லிக் காலைப் பிடிக்காத குறை. உன் வேலை போனால் வீட்டு லோன் என்னாகும் என்று எனக்குத் தெரியாமலா இருக்கிறது. ஆனால் பொய் பிடிபட்டால் அந்தக் காசு அடியோடு போய்விடும், நானும் கள்ளன், தாஸிம் நானாவும் கள்ளன், நடுவில் றலியாவின் உயிர். மூன்று தடவை பேனையை எடுத்து வைத்துவிட்டேன். நீ பிறக்க வேண்டும் என்று எட்டு வருஷம் கதிர்காமத்துக்கு நடந்தவன் நான். எனக்கு அங்கே யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்க என்னால் முடியாது மகள்.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் உன் மேலதிகாரியிடம் நீயே போய், இது என் அப்பா கடை, மெஷின் வாங்கும்போது சொல்லாமல் விட்டது என் பிழை என்று சொல்லிவிடு. உன் வாயால் போனால் மன்னிக்க இடம் இருக்கும், என் படிவத்தில் பார்த்தால் இருக்காது. செவ்வாய் வரைக்கும் உன் போனுக்குக் காத்திருப்பேன். வந்தாலும் வராவிட்டாலும் புதன் காலையில் ஆம் என்றுதான் எழுதப்போகிறேன்.

அம்மா ஷப்ராஸிடம் மிளகாய்த்தூளும் கருவாடும் கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொள். அவளுக்கு நான் இப்படி எழுதியது தெரியாது. முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நன்றாய் இரு. திங்கட்கிழமையை மறந்துவிடாதே. உன் வேலை போய், நீ என்னையே வேண்டாம் என்று விட்டாலும், அந்தக் கேள்விக்குப் பதில் ஆம்தான்.

உன் அப்பா
இராமநாதன்